ஒரே முனையைப் பார்க்கும் பற்கள்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அவசரப்பட்டு நகரவில்லை. கரையோரத்திலேயே நெடுநேரம் நின்று பெய்தது. பிறகு மெல்ல மேற்கே வந்து, கடலை ஒருநாளும் பார்க்காத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தலையில் மிச்ச மழையைக் கொட்டியது. அரூருக்கு வடக்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். மலைச்சரிவுகளிலும் ஏரிகளிலும் நிறைந்து வழிந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. தெருக்களில் ரப்பர் படகுகள் போயின. ஆட்கள் துடுப்பு போட்டு எதிர்நீச்சல் அடிக்க முடியாத இடங்களில், படகின் பின்விளிம்பில் மாட்டிய அவுட்போர்டு என்ஜின்தான் கூரைமேல் ஏறி நின்றவர்களிடம் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்குள் மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போனார்கள். ஆக, கடலுக்கென்று பிறந்த இந்த என்ஜின் உள்நாட்டுக்கும் வேண்டியதாகிவிட்டது. ஆனால் மீன்பிடித் துறைமுகத்தில் நாள்தோறும் ஓடும் என்ஜினுக்கும், கொட்டகையில் ஆண்டெல்லாம் தூங்கிவிட்டு வெள்ளத்தன்று மட்டும் எழுப்பப்படும் என்ஜினுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது பழுதானால் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார், சாமானும் இருக்கிறது. இரண்டாவது பழுதானால் அதன் உள்ளுறுப்பை எங்கே தேடுவது என்பதே தெரியாது. அதிலும் தண்ணீருக்கு அடியில், உந்துவிசிறிக்கு முன்னால், ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் மூன்று பற்சக்கரங்கள் போய்விட்டால் தேடல் நீளமானது. அது ஏன் நீள்கிறது என்பதற்கு வியாபாரம் பாதிக் காரணம். மீதிப் பாதி வடிவ கணிதம். இந்த அத்தியாயம் அந்தக் கணிதத்தைப் பற்றியது.

அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினால் அரூரில் டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குப் பெரிய வியப்பு இருக்காது. "சின்ன கிரவுன் பினியன்" என்று சொல்லிவிடுவார். கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில், இரண்டு டிரெய்லர் சுமையோடு சேற்றில் சிக்கி, கிளட்சைச் சட்டென்று விட்ட டிராக்டர்களின் பின் அச்சுப் பெட்டியை அவர் எத்தனையோ முறை பிரித்திருப்பார். அங்கே நடப்பதும் இதே வேலைதான். என்ஜினிலிருந்து டிராக்டரின் நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்க வேண்டும். அவுட்போர்டில் மேலிருந்து கீழே வரும் சுழற்சியைப் பின்னோக்கித் திருப்பி விசிறிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் 90 பாகைத் திருப்பம். அந்தத் திருப்பத்தில் நிற்பது பெவல் கியர், அதாவது சாய்வுப் பற்சக்கரம்.

அவுட்போர்டின் ஏற்பாடு அழகானது. என்ஜினின் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்கிறது. அதோடு இணைந்த நீண்ட தண்டு கால் வழியாக இறங்கி, நுனியில் ஒரு சிறு பினியனோடு முடிகிறது. விசிறித் தண்டு கிடைமட்டமாக அதற்குக் கீழே ஓடுகிறது. அந்தத் தண்டின் மீது இரண்டு பெரிய பற்சக்கரங்கள் எதிரெதிராக, பினியனுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் எந்நேரமும் பினியனோடு பல் கோர்த்தே இருக்கும். பினியன் ஒரு பக்கமாகச் சுற்றும்போது முன்னால் இருப்பது ஒரு திசையிலும் பின்னால் இருப்பது எதிர்த்திசையிலும் சுற்றும். இரண்டுமே தண்டில் இறுக்கப்படாமல் தளர்வாகச் சுற்றுபவை. நடுவில் ‘டாக் கிளட்ச்’ என்ற கொம்பு வைத்த உருளை ஒன்று தண்டோடு சேர்ந்து சுற்றும். ஆனால் முன்னும் பின்னும் நகரும். கியர் நெம்புகோலைத் தள்ளினால் அது ஒரு பற்சக்கரத்தின் கொம்புகளில் போய் மாட்டிக்கொள்ளும். படகு முன்னே போகும். எதிர்ப்பக்கம் இழுத்தால் மற்றதில் மாட்டும். படகு பின்னே போகும். நடுவில் விட்டால் எதிலும் மாட்டாமல் என்ஜின் மட்டும் ஓடும். சக்கரங்களின் பற்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையே இல்லாமல் முன், பின், நடுநிலை மூன்றையும் மூன்றே பற்சக்கரங்களில் முடித்துவிட்டார்கள்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் தொழில் செய்த ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த என்ஜின் 1.5 குதிரைத்திறன் கொண்டது. எடை சுமார் 28 கிலோ. செங்குத்துத் தண்டு, தண்ணீருக்குள் முழுகிய பெட்டி, அதற்குள் பெவல் கியர் என்ற அவருடைய அமைப்பையே இன்றைய 300 குதிரைத்திறன் என்ஜின்களும் பின்பற்றுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படை மாறாத இயந்திரங்கள் அதிகம் இல்லை.

இனி வடிவத்துக்கு வருவோம். சுண்டல் பொட்டலம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்முனைகள் இரண்டும் ஒரே புள்ளியில் தொடும்படி, பக்கங்கள் ஒட்டியிருக்கும்படி பிடித்து ஒன்றைச் சுழற்றினால் மற்றது வழுக்காமல் உருளும். பெவல் கியர் என்பது இந்த இரண்டு கூம்புகளின் அகலமான பகுதியிலிருந்து ஒரு வளையத்தை வெட்டி எடுத்து, வழுக்காமல் இருக்கப் பல் வைத்ததுதான். ஒவ்வொரு பல்லும் வெளிப்பக்கம் தடித்து உள்பக்கம் மெலிந்திருக்கும். நேர்ப்பல் வகையில், எல்லாப் பற்களின் கோடுகளையும் உள்நோக்கி நீட்டிக்கொண்டே போனால் அவை ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி வெறும் காற்றில் இருக்கிறது. அங்கே எந்த உலோகமும் இல்லை. ஆனால் இரண்டு சக்கரங்களின் கூம்பு முனைகளும் அந்த ஒரே புள்ளியில் சேர்ந்தால்தான் பற்கள் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று தொடும். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால்கூடத் தொடுகை பல்லின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவு, மாற்றுச் சாமான் தேடுகிறவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. லேத்தில் இருக்கும் நேர் பற்சக்கரங்களில் பல்லின் அளவும் அழுத்தக் கோணமும் ஒன்றாக இருந்தால் போதும். 13 பல் சக்கரம் 26 பல்லோடும் சேரும், 27 பல்லோடும் சேரும், 100 பல்லோடும் சேரும். இன்வால்யூட் என்ற வளைவு தரும் பெரும் சலுகை அது. பெவல் கியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் கூம்பு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதை அதன் துணையின் பல் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. 9.9, 15 குதிரைத்திறன் யமஹா டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் பினியனுக்கு 13 பல், பெரிய சக்கரத்துக்கு 27 பல். 13-ஐ 27-ஆல் வகுத்து அதற்குரிய கோணத்தைப் பார்த்தால் பினியனின் கூம்பு 25.7 பாகை. அதே நிறுவனத்தின் 40 குதிரைத்திறன் என்ஜின் ஒன்றில் 13-க்கு 26. அங்கே கூம்பு 26.6 பாகை. பல்லின் அளவு வேறுபடுவதை ஒதுக்கிவிட்டு, இரண்டும் ஒரே அளவுப் பல் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றின் பினியன் மற்றதில் உட்காராது. பார்வைக்குத் தெரியாத முக்கால் பாகைக்கும் மேற்பட்ட வேறுபாடு குறுக்கே நிற்கிறது. பல்லை எண்ணி, விட்டத்தை வெர்னியரில் அளந்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பது நேர் பற்சக்கரத்துக்குச் சரிவரும். பெவல் கியர் தனக்கு யார் துணை என்பதைத் தன் சாய்விலேயே சுமந்துகொண்டு பிறக்கிறது. அதனால்தான் அதைத் தனியாகத் தேட முடிவதில்லை. ஜோடியாகத்தான் தேட வேண்டியிருக்கிறது.

13, 27 என்ற எண்களிலும் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. எனவே பினியனின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் 27 பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். மொத்தம் 351 சந்திப்புகள். பினியன் 27 முறை சுற்றி முடித்தபின்தான் முதல் ஜோடி மீண்டும் சேரும். 5000 சுற்று வேகத்தில் அது மூன்றில் ஒரு வினாடி. ஏதாவது ஒரு பல்லில் ஒரு பிசிறு இருந்தால் அதன் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்காகிவிடும். மாறாக, 13-க்கு 26 என்றால் பினியனின் ஒரு பல் எந்நாளும் அதே இரண்டு பற்களோடு மட்டுமே உரசும். அவை ஒன்றுக்கொன்று பழகித் தேயும். இரண்டு வகையிலும், ஓரளவு ஓடிய ஜோடி தங்களுக்குள் ஒரு தனி வடிவத்தை உண்டாக்கிக்கொண்டுவிடுகிறது. அதில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் புதுப் பல் பழைய பல்லின் பள்ளத்தில் சரியாக உட்காராது. சத்தம் வரும், சூடு ஏறும், புதியதும் சீக்கிரம் போகும். உதிரிபாகப் பட்டியலில் பினியனுக்கும் முன் சக்கரத்துக்கும் தனித்தனி எண்கள் இருப்பதைப் பார்த்து ஒன்றை மட்டும் வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பது இயல்பே. மிச்சம் நிற்காது.

டிராக்டர் பட்டறையில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. கிரவுன் வீலையும் பினியனையும் அங்கே செட்டாகத்தான் வாங்குவார்கள். இரண்டின் மேலும் ஒரே செட் நம்பர் பொறித்திருக்கும். தொழிற்சாலையில் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து, அரைக்கும் பசையை ஊற்றி ஓடவிட்டுத் தேய்த்த பிறகே எண் போடுகிறார்கள். நம்பர் மாறிய செட்டை அனுபவமுள்ள மெக்கானிக் கையால் தொடமாட்டார்.

அந்தச் சிறு பல் தாங்கும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மரியாதை வரும். 15 குதிரைத்திறன் என்பது 11 கிலோவாட்டுக்குச் சற்று மேல். 5000 சுற்றில் அது கொடுக்கும் முறுக்குவிசை சுமார் 21 நியூட்டன் மீட்டர். பினியனின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பல்லின் மேல் விழும் விசை ஏறத்தாழ 110 கிலோ எடைக்குச் சமம். ஒன்றிரண்டு பற்கள் மட்டுமே ஒரு நேரத்தில் அதைத் தாங்குகின்றன. பினியனின் ஒவ்வொரு பல்லுக்கும் இந்த அடி நிமிடத்துக்கு 5000 முறை, மணிக்கு மூன்று லட்சம் முறை. இது அமைதியான நீரில், சீரான ஓட்டத்தில். அலை தூக்கிவிட்டு விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்தால் என்ஜின் வேகம் எகிறும். அடுத்த நொடி அது தண்ணீரில் விழும்போது அந்த வேகம் முழுவதையும் பற்கள் அடக்க வேண்டும். வெள்ள நீரில் இன்னொரு அபாயம். மூழ்கிய வேலிக்கல்லும், தென்னை மட்டையும், கயிறும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். விசிறியின் நடுவே இருக்கும் ரப்பர் குடமோ, வெட்டுப்படுவதற்கென்றே வைத்த சிறு ஊசியோ முதல் அடியை வாங்கிக்கொள்ளும். எல்லா அடியையும் அல்ல.

இத்தனையும் தாங்க எஃகுக்கு இரண்டு குணம் ஒருசேர வேண்டும். மேற்பரப்பு தேயாத அளவு கடினமாக இருக்க வேண்டும். உள்ளே அடி தாங்கும் நெகிழ்வு இருக்க வேண்டும். முழுவதும் கடினமாக்கினால் கண்ணாடித்தன்மை வந்து பல் உடைந்துவிடும். அதனால் கரி குறைந்த கலவை எஃகை எடுத்து, இந்தியாவில் பெரும்பாலும் 20எம்என்சிஆர்5 வகை, பல் வெட்டி முடித்தபின் 900 பாகை செல்சியஸுக்கு மேல் கரிவாயு நிறைந்த உலையில் பல மணி நேரம் வைக்கிறார்கள். கரி மெல்ல மெல்லத் தோலுக்குள் ஊடுருவுகிறது. சிறிய கியர்களில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடத் தேவைப்படாது. பிறகு எண்ணெயில் குளிர்விக்கிறார்கள். கரி ஏறிய தோல் ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை கடினமாகிவிடுகிறது. உள்ளுடல் மென்மையாகவே இருக்கிறது. இந்தச் சூட்டுப் பக்குவத்தில் எஃகு சற்றே கோணிக்கொள்ளும். எந்த அளவு கோணும் என்று முன்பே அறிந்து, அதற்கு எதிர்ப்பக்கமாகப் பல்லை வெட்டி வைப்பது பெரிய தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் செய்து பார்த்துச் சேர்த்த அறிவு. வரைபடத்தில் அது இருக்காது.

ஆனால் பெரும்பாலான அவுட்போர்டு கியர்களைக் கொல்வது சுமை அல்ல, தண்ணீர். அறுந்த தூண்டில் நரம்போ வலை நூலோ விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டு, மெல்ல உள்ளே போய், ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடுகிறது. தண்ணீர் கசிந்து 90 நம்பர் கியர் ஆயிலோடு கலக்கிறது. டிராக்டர் பெட்டிக்கு ஊற்றும் அதே பிசுக்குமையுள்ள ஆயில்தான் இதற்கும். நீர் கலந்தாலும் துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் உள்ள படகுக்கான வகையை ஊற்றினால் நல்லது. தண்ணீர் கலந்த ஆயில் பால் நிறத்துக்கு மாறும். அந்த நிலையில் ஒரு நாள் ஓடினால்கூடப் பெரிய சேதம் இல்லை. அப்படியே நிறுத்திக் கொட்டகையில் ஆறு மாதம் வைத்தால்தான் ஆபத்து. தண்ணீர் கீழே தங்கி, பற்களின் மேலும் பேரிங் குண்டுகளின் மேலும் துருப்புள்ளிகளை உண்டாக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விரிசலின் தொடக்கம். இதனால்தான் மீட்புப் பணிக்கு வைத்திருக்கும் என்ஜின்களுக்கு, அதிகம் ஓடாதவை என்பதாலேயே, அதிகக் கவனம் வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் பருவமழைக்கு முன் கீழ்த்திருகைக் கழற்றி ஆயிலின் நிறத்தைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகாது. சீல் ஒன்றின் விலை கியர் செட்டின் விலையில் மிகச் சிறு பங்கு.

சரி, கியர் போய்விட்டது. எங்கே தேடுவது? அரூரில் கிடைக்காது, சேலத்திலும் டிராக்டர், லாரி சாமான்தான் கிடைக்கும். காசிமேடு, நாகப்பட்டினம், குளச்சல், கேரளத்தில் கொல்லம், கொச்சி என்று கடலோரம் போக வேண்டும். அங்கே போவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய விவரம் குதிரைத்திறன் அல்ல. ஒரே கீழ்ப்பெட்டியை இரண்டு திறன்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். ஒரே திறனில் காலத்துக்கேற்ப வெவ்வேறு பெட்டிகளும் வந்திருக்கும். என்ஜினைப் படகில் மாட்டும் கிளாம்பின் மேல் உள்ள தகட்டில் மாடல் குறியும் தொடர் எண்ணும் இருக்கும். அதுதான் முகவரி. யமஹாவின் பாக எண்களைப் பழகினால் அவையே பல விஷயம் சொல்லும். முதல் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் எந்த மாடலுக்கு முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். நடுவில் உள்ள ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதற்கு. பினியன் என்றால் 45551. கடைசி இலக்கங்கள் திருத்தப் பதிப்பு. நடு எண் ஒன்றாக இருந்து முதல் மூன்று எழுத்து மாறினால், அதுவும் பினியன்தான், ஆனால் வேறு பெட்டியின் பினியன். கடைக்காரர் "இதுவும் சேரும்" என்று சொன்னால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நிறுவனமே இல்லாமல் போனால் கதை வேறு. எவின்ரூட் பெயரில் என்ஜின் செய்துவந்த கனடாவின் பிஆர்பி 2020 மே மாதம் அந்த உற்பத்தியை நிறுத்தியது. 1909-இல் தொடங்கிய பெயர் அது. உதிரிபாகங்கள் சில காலம் தொடரும் என்று அறிவித்தார்கள். ஆனால் உற்பத்தி நின்ற என்ஜினுக்கு, அதிகம் விற்கும் சீலும் பம்பு ரப்பரும் நெடுநாள் கிடைக்கும். எப்போதோ ஒருவருக்குத் தேவைப்படும் கியர் செட் முதலில் மறையும். அப்போது மூன்று வழிகள்தான். ஒன்று, வேறு நிறுவனங்கள் செய்யும் நகல் பாகம். சீனாவில் சில நிறுவனங்கள் ஜப்பானிய மாடல்களை அப்படியே ஒட்டி முழு என்ஜினே செய்வதால் அவற்றின் கியர் பொருந்திவிடும். ஆனால் பொருந்துவது வடிவம். எஃகும் சூட்டுப் பக்குவமும் எப்படி என்பதை ஓடிய பிறகே அறிய முடியும். நல்ல எஃகும் நல்ல உலையும் இருந்தால் நகல் என்பதற்காக அது தாழ்ந்ததல்ல. இரண்டாவது, தலை போன என்ஜினின் நல்ல கால். பிஸ்டன் பிடித்துத் தூக்கிப் போட்ட என்ஜின்களின் கீழ்ப்பெட்டி பல நேரம் நன்றாக இருக்கும். அதை முழுப் பெட்டியாக, உள்ளே எதையும் பிரிக்காமல் வாங்கி மாட்டுவதுதான் இருக்கும் வழிகளில் மலிவானதும் நம்பத்தக்கதும் என்பது என் எண்ணம். ஜோடியும் கலையாது, அவை உட்கார்ந்த தூரமும் கலையாது.

மூன்றாவது, செய்து கொள்வது. இங்கேதான் கணிதம் மீண்டும் வழிமறிக்கிறது. நேர் பற்சக்கரத்தை ஒரு சாதாரண மில்லிங் மெஷினில், பல் இடைவெளியின் வடிவத்திலுள்ள வெட்டுக்கருவியால் வெட்டிவிடலாம். பெவல் கியரில் பல்லின் இடைவெளி வெளியிலிருந்து உள்ளே போகப்போகக் குறுகிக்கொண்டே வருகிறது. ஒரே வடிவக் கருவியால் குறுகும் இடைவெளியை வெட்ட முடியாது. பட்டறைகளில் இடைவெளியின் சிறிய முனைக்கேற்ற கருவியை எடுத்து, சக்கரத்தைச் சற்றே திருப்பி இருமுறை வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவிச் சரிசெய்வார்கள். கையால் சுற்றும் மதகுக் கதவுக்கு அது போதும். 5000 சுற்றுக்குப் போதாது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் க்ளீசன் 1874-இல் பெவல் கியர் வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். ஒவ்வொரு பல்லும் கூம்பு முனையை நோக்கி ஒடுங்கும்படி கருவியையே அந்த முனையை மையமாக வைத்து நகரச் செய்தது அது. பின்னர் வந்தது வளைந்த பல் வைத்த ஸ்பைரல் பெவல். ஒரு பல் விலகுமுன் அடுத்தது வந்து சேர்ந்துகொள்வதால் சத்தம் குறைவு, வலு அதிகம். 1913 முதல் கார்களின் பின் அச்சில் அது ஏறியது. இன்று டிராக்டர்களின் கிரவுன் பினியன் பெரும்பாலும் அந்த வகை. அதை வெட்டத் தனி இயந்திரமே வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தத் திறன் இல்லாமல் இல்லை. 1969-இல் கோவையில் தொடங்கிய சாந்தி கியர்ஸ் முதலாக, கியர் செய்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு ஜோடிக்காக இயந்திரத்தை அமைத்து, சோதனை வெட்டு வெட்டி, உலையில் வைத்துக் கோணலைப் பார்த்துத் திருத்தும் செலவு அந்த ஒரு ஜோடியின் தலையில் விழும். நூறு ஜோடி என்றால் கணக்கு மாறும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் பேரிடர் மீட்புத் துறைகளும் சேர்ந்து ஒரே வகை என்ஜினை வைத்திருந்தால் அந்த நூறு எளிதில் சேரும். இப்போது ஆளுக்கொரு மாடல். மாதிரியாகக் கொடுக்கும் பழைய கியரிலும் சிக்கல் உண்டு. தேய்ந்த பல்லை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் கிடைப்பது தேய்மானத்தின் வடிவம். ஆகவே மாதிரி கொடுப்பவர்கள், பெரும்பாலான நேரம் சுமை இல்லாமல் சுற்றும் பின்னோட்டச் சக்கரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதன் பற்கள் பெரும்பாலும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். முன் சக்கரத்தின் பல் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

செங்கோணத் திருப்பத்தையே தவிர்த்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பஞ்சாபில் அந்தத் திருப்பம் இருந்தது: மாடு வட்டமாகச் சுற்ற, மரப்பல் வைத்த சக்கரங்கள் அந்தச் சுற்றைச் செங்குத்தாகத் திருப்பிக் கிணற்று நீரை இறைத்தன. பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் லாகூர், சிர்ஹிந்த் பக்கம் அவற்றைக் கண்டதை எழுதியிருக்கிறார். அரூர்ப் பக்கக் கிணறுகளில் ஓடிய கவலை ஏற்றத்திலோ மாடு சுற்றவே இல்லை. சரிவில் நேராக இறங்கிக் கயிற்றை இழுத்தது. உருளை ஒன்று திசையை மாற்றியது. பல் எதுவும் தேவைப்படவில்லை. சோழமண்டலக் கடற்கரையின் கண்ணாடியிழைப் படகுகளில் இன்று காணும் நீள்வால் டீசல் என்ஜினும் அதே வழியில் யோசித்ததுதான். நீண்ட தண்டு நேராகப் பின்னால் நீண்டு, சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும். நுனியில் விசிறி. கரையேறும்போது தண்டைத் தூக்கிக்கொள்ளலாம். பெவல் கியர் இல்லை, தண்ணீருக்குள் பெட்டி இல்லை, டீசல் செலவும் குறைவு. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்தில், கரையில் ஏறி இறங்கும் படகுகளுக்காகத் தூக்கிவிடத்தக்க டீசல் என்ஜின் அமைப்பை உருவாக்கியதும் இந்தத் தேவையிலிருந்துதான். நீள்வாலுக்கு இடம் அதிகம் வேண்டும். குறுகிய தெருவில் திரும்ப அது உதவாது. அதனால் மீட்புப் படகில் அவுட்போர்டு நிற்கிறது. மின்சார அவுட்போர்டுகள் சிலவற்றில் மோட்டாரையே தண்ணீருக்கடியில் விசிறித் தண்டின் நேரே வைத்துவிட்டார்கள். திருப்பமும் இல்லை, கியரும் செங்கோணத்தில் இல்லை. வெள்ளத்தில் நாள் முழுக்க ஓடும் அளவுக்கு மின்கலம் வந்துவிட்டால் இந்த அத்தியாயத்தின் தேவை குறையும்.

அதுவரை புது கியர் செட் வந்ததும் செய்ய வேண்டியது மாட்டுவதல்ல, அளப்பது. கூம்பு முனைகள் இரண்டும் ஒரே புள்ளியில் சேர வேண்டும் என்று பார்த்தோம். வார்ப்பில் வந்த அலுமினியப் பெட்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பெரிய யமஹா என்ஜின்களில், பெட்டியின் மேல் பி, எஃப், ஆர் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் சிறு எண்கள் அடித்திருப்பார்கள். பினியன், முன் சக்கரம், பின் சக்கரம் உட்காரும் இடங்கள் வரைபட அளவிலிருந்து எத்தனை நூறில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன என்பது அந்தக் குறிப்பு. 5 என்றால் 0.05 மில்லிமீட்டர். அதைக் கணக்கில் எடுத்துத் தகட்டு ஷிம்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஷிம்களை எறிந்துவிட்டுக் கணக்கைத் தொடங்கக் கூடாது. அவற்றின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பிறகு சில பற்களில் நீலச்சாயம் மெல்லியதாகப் பூசிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில், சற்றே உள்முனைப் பக்கமாக இருந்தால் சரி. சுமை ஏறும்போது தண்டுகள் கொஞ்சம் வளைந்து தடம் வெளிமுனைப் பக்கம் நகரும், அதற்கு இடம் விட்டாயிற்று. தடம் பெரிய சக்கரத்தின் பல் வேரில் ஒதுங்கினால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. பல் நுனியில் ஒதுங்கினால் பினியன் போதுமான அளவு உள்ளே வரவில்லை. ஷிம்மை மாற்றி மறுபடியும் பூச வேண்டும். கிரவுன் பினியன் கட்டிப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அளவு மட்டும் சின்னது. கடலோரத்துக்குப் பெட்டியை அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. சரியான செட் கைக்கு வந்துவிட்டால் அதை அரூரிலேயே கட்டலாம்.

கட்டி முடித்தபின் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்ற வேண்டும், மேல்துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கும். முதல் சில மணி நேரம் முழு வேகம் கொடுக்காமல் ஓட்டி, பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் அந்த ஆயிலை வடித்துவிட வேண்டும். பல பெட்டிகளின் வடிதிருகில் காந்தம் இருக்கும். அதில் மாவு போன்ற கரும்பொடி படிந்திருந்தால் பற்கள் பழகிக்கொண்டிருக்கின்றன. விரலில் நெருடும் சில்லு ஒன்று ஒட்டியிருந்தால் பெட்டியை அன்றே திறந்து பார்க்க வேண்டும்.